பழைய இராணுவ லோரிக்கு டீசல் இன்ஜின்: பிரேக்கை மறந்துவிடாதீர்கள்

பெந்தோங், ரவூப், கிரிக் பக்கம் வளர்ந்தவர்களுக்கு 'லோரி ஹந்து' பற்றி விளக்கத் தேவையில்லை. கதவு இருக்காது. பாலாக் மரங்களைச் சுமந்து செம்மண் சாலையில் உறுமிக்கொண்டு இறங்கும். சீனர்கள் வைத்த பெயர் 'சான் தாய் வோங்'. மலையரசன் என்று சொல்லலாம்.

இவற்றின் பூர்வீகம் இரண்டாம் உலகப் போர். இராணுவம் கழித்துவிட்ட லோரிகள் காட்டு வேலைக்கு வந்தன. அடிச்சட்டம் இரும்புக் கோட்டை. இன்ஜின் மட்டும் பெட்ரோல். அக்காலப் பிரிட்டிஷ் இராணுவ லோரியான பெட்போர்ட் கியூஎல்லை எடுத்துக்கொள்வோம். 1941 முதல் 1945 வரை தயாரானது. 3 டன் சுமக்கும், நான்கு சக்கரங்களும் இழுக்கும். அதில் இருந்தது 72 குதிரைத்திறன் கொண்ட 3.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். பெட்ரோலைக் குடித்துத் தள்ளும். ஆற்றைக் கடக்கும்போது தீப்பொறி கொடுக்கும் பாகங்கள் நனைந்தால் நடுவிலேயே நின்றுவிடும்.

டீசலுக்குத் தீப்பொறியே வேண்டாம். அழுத்தத்தில் சூடான காற்றில் எண்ணெய் பட்டதும் தானாகப் பற்றிக்கொள்ளும். குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை கிடைக்கும். அதனால்தான் பலர் பழைய ஜப்பானிய லோரி இன்ஜினைத் தேடுகிறார்கள்.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்க இடையில் ஒரு தகடு கடைந்து போட வேண்டும். இரண்டின் மையமும் சற்று விலகினாலும் கிளட்ச், பேரிங் எல்லாம் சீக்கிரம் போய்விடும். டீசல் இன்ஜின் கனம் அதிகம்; முன்பக்க வில்லைப் பலப்படுத்த வேண்டும். மிஞ்சும் எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப இன்னொரு குழாயும் தேவை. இவை அனுபவமுள்ள போர்மனுக்குத் தெரிந்தவைதாம்.

பலர் கோட்டை விடுவது பிரேக்கில். பெட்ரோல் இன்ஜினில் கால் எடுத்ததும் காற்று வழி அடைபடும்; உள்ளே ஓர் உறிஞ்சுவிசை உருவாகும். பழைய லோரிகளின் பிரேக் உதவிக்கருவி அந்த விசையில்தான் வேலை செய்கிறது. சாதாரண டீசல் இன்ஜினில் காற்று வழி எப்போதும் திறந்தே இருக்கும். உறிஞ்சுவிசை கிடைக்காது. இன்ஜினை மட்டும் மாற்றினால் பிரேக் மிதி கல்லாகிவிடும். காலி லோரியைச் சமதரையில் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. மரத்தை ஏற்றி மலையிறங்கும்போது தெரியும். காலை எடுத்ததும் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் பழக்கமும் டீசலில் குறைவு.

இதற்குத் தனி வெக்யூம் பம்ப் தேவை. பல ஜப்பானிய லோரி இன்ஜின்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். பழைய இன்ஜின் வாங்கும்போது ஆல்டர்னேட்டரையும் சேர்த்துக் கேளுங்கள். அதைத் தனியாக விற்றுவிடும் கடைகளும் உண்டு.

பொதுச் சாலைக்கு வரும் லோரி என்றால் இன்ஜின் மாற்றத்திற்கு ஜேபிஜே ஒப்புதலும் வாகனப் பரிசோதனையும் கட்டாயம். காட்டுக்குள் ஓடுவதற்கு எதற்கு என்று தவுக்கே சொல்லலாம். ஆனால் அதில் உட்காரப்போவது ஓட்டுநரும் அட்டெண்டனும்தான்.

வேலை முடிந்ததும் ஒரு சின்னச் சோதனை. இன்ஜினை நிறுத்திவிட்டு, மிதி இறுகும்வரை பிரேக்கைப் பலமுறை மிதியுங்கள். காலை எடுக்காமல் இன்ஜினை முடுக்குங்கள். மிதி சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா? லோரி பட்டறையிலேயே நிற்கட்டும்.