கேரம் போர்டு விற்கும் கடைக்காரர்களுக்கு

கோடை விடுமுறை நெருங்கினால் நம் கடைகளில் கேரம் போர்டு கேட்டு வருவார்கள். ஒரு வாரத்தில் சிலர் திரும்பி வந்து, "காய் ஓடவில்லை" என்பார்கள். பையனுக்கு ஆடத் தெரியவில்லை என்று நாம் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அது சரியல்ல. 1991லும் 1995லும் உலகச் சாம்பியனான சென்னை மரிய இருதயமே வந்தாலும், வளைந்த பலகையில் என்ன செய்ய முடியும்?

பந்தய போர்டில் ஆடும் பரப்பு 73.5 முதல் 74 சென்டிமீட்டர் சதுரம். பிளைவுட் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால், சட்டங்களில் மோதி மோதி மூன்றரைத் தடவை பலகையைக் கடக்க வேண்டும். வாங்குபவர் கண்ணெதிரே இதை அடித்துக் காட்டுங்கள், ஒரு நிமிஷம்கூட ஆகாது. போரிக் பவுடர் நைசாக இருக்க வேண்டும். கொஞ்சம் தூவினால் போதும். (அள்ளிக் கொட்டினால் நமக்கு வியாபாரம்தான், ஆட்டத்துக்கு ஆகாது.)

ஒரு மழைக்காலத்தில் பன்னிரண்டு போர்டுகளைக் குடோன் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ஈரம் ஏறி அத்தனையும் வளைந்துவிட்டன. மெதுவாக அடித்த காய் நேரே போகாமல் ஓரத்துக்கு ஒதுங்கியது. நான் கவனிப்பதற்குள் இரண்டை வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் எடுத்துப் போயிருந்தார். மாற்றிக் கொடுத்தேன். ஆனாலும் அதன்பின் அவர் என்னிடம் கேரம் போர்டு எடுக்கவில்லை. இப்போது தரையிலிருந்து உயர்த்தி, மரச்சட்டங்களின் மேல் படுக்கையாகவே அடுக்குகிறேன்.