தேள் கொட்டிய திருடனும் ஒரு பிரஷர் மாத்திரையும்

போன சித்திரையில் அன்னவாசல் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் கோழிக்குழம்பு, சாயந்திரம் திண்ணையில் ஒரு தூக்கம், ராத்திரி பஸ் பிடித்துப் புதுக்கோட்டை திரும்புவது என்று திட்டம். கெடுத்தது ஒரு தேள்.

அக்கா மகனுக்கு ஒன்பது வயசு. கொல்லையில் அடுக்கியிருந்த செங்கல்லுக்குப் பின்னால் பந்து விழுந்துவிட்டது. எடுக்கக் கையை விட்டிருக்கிறான். 'ஆத்தாடீ!' என்று ஓர் அலறல். டார்ச் அடித்துப் பார்த்தால், செங்கல் நிறத்திலேயே ஒரு சின்னத் தேள், வாலைத் தூக்கிக்கொண்டு, ஏதோ தாசில்தார் ஆய்வுக்கு வந்த தோரணையில் நடந்து போய்க்கொண்டிருந்தது. எங்கள் மாவட்டம் அப்படி. பாறையும் செம்மண்ணும். மழைக்குப் பஞ்சம் வரும், தேளுக்கு வராது.

அக்காவின் மாமியார் (ஊருக்கே அவர் அப்பத்தா) கொட்டின இடத்தில் சுண்ணாம்பைத் தடவி, வேப்பிலையை வீசி, வாய்க்குள் ஏதோ மந்திரித்தார். பத்து நிமிஷம் ஆனது.

"வலிக்குதாடா?"

"இல்ல அப்பத்தா..."

"பாத்தீகளா?" என்று எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். பி.காம். படித்த நானும், 'சரி, கதை முடிந்தது' என்று வாட்சைப் பார்த்தேன்.

முடியவில்லை. பையன் வாந்தி எடுத்தான். சட்டை தொப்பலாக நனைகிற அளவுக்கு வியர்வை. கையைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறது. எதிர்வீட்டில் குடியிருக்கும் கிராம சுகாதார நர்ஸ் சத்தம் கேட்டு வந்தவர், பையன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "108-க்கு போன் பண்ணுங்க" என்றார்.

"இப்பத்தான் வலி இல்லேங்கிறானே?"

"அதான் சார் எனக்குப் பயமா இருக்கு!"

அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டருக்கு முப்பது வயசுகூட இருக்காது. நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். பிறகு ஒரு சின்ன மாத்திரை. பெயர் பிரசோசின். பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ துணையாக உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் காதில் இது விழுந்துவிட்டது.

"தம்பி, இது பிரஷருக்கு எனக்குக் கொடுத்த மாத்திரையாச்சே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர், தேள் கொட்டின பையனுக்குப் பிரஷர் மாத்திரையா?"

"சார், தேள் இந்தப் பையன் விரல்லதான் கொட்டியிருக்கு. ஆனா அடிபடறது இதயம். நீங்க ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அம்மா அவனைத் தூக்கி மடியில வெச்சுக்காம பாத்துக்குங்க. படுத்த படியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு யோசிக்க நேரம் நிறைய. டாக்டரைக் கேட்டும் பிற்பாடு படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். காமர்ஸ் பட்டதாரி சொல்கிற மருத்துவம் என்பதால் வரவு செலவு மாதிரி சுலபமாகவே இருக்கும்.

நம் உடம்பில் 'பரிவு நரம்பு மண்டலம்' என்று ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகம் வைத்த பெயர். சிம்பதெடிக் என்ற இங்கிலீஷ் பெயரை அப்படியே தமிழாக்கிவிட்டார்கள். பரிவுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது! விராலிமலை வாடிவாசல் முன்னால் நிற்கிற மாடுபிடி வீரரை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் வறள்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தோலுக்குப் போகிற ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. 'பிடி, இல்லாவிட்டால் ஓடு' என்று உடம்பைத் தயார் செய்வதுதான் இந்த நரம்புகளின் வேலை. மேனேஜர் கூப்பிட்டனுப்பும்போது உங்களுக்கு உள்ளங்கை வியர்க்கிறதே, அதுவும் இதே இலாகாதான்.

நரம்பு நுனியிலிருந்து நார்அட்ரினலின் கொட்டுகிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் கிளம்பி ரத்தத்தில் கலக்கிறது. மாடு போய்விட்டால் (அல்லது மேனேஜர் லீவில் போய்விட்டால்) எல்லாம் அடங்கிவிடும்.

அடங்காமல் போனால்?

செந்தேள் செய்வது அதைத்தான். நரம்பின் மேல் சோடியம் நுழைவதற்கென்று கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து உடனே மூடிக்கொள்ள வேண்டும். தேளின் விஷம் அந்த வாசலை மூடவிடாமல் முட்டுக் கொடுக்கிறது. வாடிவாசல் கதவு திறந்தபடி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? 2019 ஜனவரியில் விராலிமலையில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட காளைகளை ஒரே நாளில் அவிழ்த்துவிட்டு உலக சாதனை செய்தார்கள். அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே சமயத்தில் பாய்ந்தால் எப்படியோ, அப்படி. முதலில் வாந்தி, எச்சில், வியர்வை. பிறகு ரத்தக் குழாய்கள் எல்லாம் இறுகுகின்றன. கை கால் ஜில்லிட்டுப் போவது அதனால்தான். இறுகிய குழாய்களை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைத்துவிடுகிறது. பின்னுக்குத் தேங்கும் நீர் நுரையீரலில் புகுந்து, மூச்சுக்குப் பதில் நுரை வருகிறது. உயிர் போவது அங்கேதான்.

நர்ஸ் சொன்ன பயம் இப்போது புரிந்தது. தேள் கொட்டினால் பெரும்பாலோருக்கு வெறும் வலிதான், தானாகவே அடங்கிவிடும். மந்திரத்துக்குப் பேர் கிடைப்பதும் இந்தப் பெரும்பாலோரால்தான்! விஷம் உடம்பு முழுக்க ஏறியவர்களுக்கோ, கொட்டின இடத்தில் வலி அதிகம் இல்லாமலும் போகலாம். கவனிக்க வேண்டியது வாந்தி, வியர்வை, ஜில்லென்ற கை கால். ஆண்களுக்கு இன்னொரு அறிகுறியும் உண்டு. ஆண்குறி விறைத்து, தளராமல் நிற்கும். சின்னப் பையன்களிடம்கூட டாக்டர்கள் இதைப் பார்க்கிறார்கள். நம்ம ஆட்கள் வெளியே சொல்வார்களா? தேள் கொட்டிய திருடன் மாதிரி முழிப்பார்கள்!

சரி, பிரஷர் மாத்திரை எப்படி இங்கே வந்தது?

மகாராஷ்டிராவில் மும்பை - கோவா ரோட்டில் மகாட் என்று ஓர் ஊர். 1927-ல் அம்பேத்கர் சவதார் குளத்துத் தண்ணீருக்காகப் போராடினாரே, அதே ஊர்தான். அதன் பக்கத்தில் பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1976-ல் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற இளம் டாக்டர் வேலைக்கு வந்தார். கொங்கண் பக்கம் செந்தேள் ஜாஸ்தி. கொட்டுப்பட்டு வருகிற குழந்தைகள் நுரையீரலில் நீர் கோத்துக் கண்ணெதிரே இறந்தார்கள். அவர் ராத்திரியெல்லாம் நோயாளி பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்த மணிக்கு எது மாறுகிறது என்று எழுதி வைத்தார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. பெரிய லேபரட்டரி கிடையாது. நோட்டும் பேனாவும்தான். ஆபத்து வருவதற்கு முந்தைய அறிகுறிகள் இன்னின்ன என்று 1982-ல் லண்டனிலிருந்து வரும் லான்செட் பத்திரிகையில் அவர் எழுதினார்.

ரத்தக் குழாய் இறுகுவதுதான் பிரச்னை என்றால், தளர்த்துகிற மருந்து வேண்டும். முதலில் நைட்ரோபுருசைடு டிரிப் கொடுத்துப் பார்த்தார். வேலை செய்தது. ஆனால் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டு, பிரஷரை ஓயாமல் பார்த்தபடி நிற்க வேண்டும். கிராமத்து ஆஸ்பத்திரியில் யார் நிற்பது? அப்போதுதான் ரத்தக்கொதிப்புக்கு விற்பனையில் இருந்த பிரசோசின் மாத்திரை அவர் கண்ணில் பட்டது. விழுங்க வைத்தால் போதும். 1986-ல் அதுவும் லான்செட்டில் வந்தது. அதற்கு முன்பு விஷம் கடுமையாக ஏறியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு அது ஓரிருவர் என்ற அளவுக்கு இறங்கியது. நம் பக்கம் புதுச்சேரி ஜிப்மரிலும் குழந்தைகளுக்கு இதைக் கொடுத்துப் பலனைப் பதிவு செய்திருக்கிறார்கள். பவாஸ்கருக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. என்னைக் கேட்டால் லேட்!

பிரசோசின் விஷத்தை முறிப்பதில்லை. வாடிவாசலையும் மூடுவதில்லை. அது செய்வது தெருவில் தடுப்பு கட்டுகிற வேலை. நார்அட்ரினலின் போய் மோதுகிற இடங்களில் இரண்டு ஜாதி உண்டு என்று 1948-ல் அமெரிக்காவில் ஆல்க்விஸ்ட் என்பவர் கண்டுபிடித்து, ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார். ஆல்ஃபா ரத்தக் குழாயை இறுக்குகிறது. பீட்டா இதயத்தைத் துள்ள வைக்கிறது, மூச்சுக்குழலை விரிக்கிறது. பிரசோசின் ஆல்ஃபா தெருவை அடைக்கிறது. காளை வரட்டும், வீட்டுக்குள் புக முடியாது.

'நெஞ்சுதானே படபடக்கிறது, பீட்டாவை அடைத்தால் என்ன?' என்று நானும் கேட்டேன். அடைத்தால் இதயம் தள்ளுகிற வேகம்தான் குறையும். குழாய்கள் இறுகினபடியே இருக்கும். தெரு மாற்றித் தடுப்பு கட்டினால் காளை எங்கே போகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விஷத்தையே முறிக்கிற ஊசியும் இருக்கிறது. 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பவாஸ்கர் ஒரு கணக்குக் கொடுத்தார். 70 நோயாளிகளில் 35 பேருக்கு மாத்திரை மட்டும், 35 பேருக்கு மாத்திரையோடு முறிவு ஊசியும். பத்து மணி நேரத்தில் முழுசாகத் தேறியவர்கள் முதல் கோஷ்டியில் 8 பேர், இரண்டாவதில் 32 பேர். பாலன்ஸ் ஷீட் பார்த்தே பழகிய எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த ஆல்ஃபா, பீட்டா சமாசாரம் தேளோடு நிற்பதில்லை. மூக்கடைப்புக்குச் சொட்டு விடுகிறீர்களே, அது ஆல்ஃபாவைத் தட்டி மூக்குக்குள் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வாரக்கணக்கில் விட்டால் மருந்தாலேயே மூக்கு அடைத்துக்கொள்ளும். ஆஸ்துமாக்காரர் இழுக்கிற சால்பியூட்டமால் பீட்டாவைத் தட்டி மூச்சுக்குழலைத் திறக்கிறது. பீட்டாவை அடைக்கிற புரோப்ரனலால் மருந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இண்டர்வியூவுக்குக் கை நடுங்காமல் இருக்க இதை வாங்கிப் போட்டுக்கொள்கிற நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லாமல்தான். ஆஸ்துமா உள்ளவர் அதைப் போட்டால் இண்டர்வியூ நாற்காலியிலேயே மூச்சு முட்டிவிடும்.

பிரசோசினும் லேசுப்பட்டதல்ல. முதல் மாத்திரைக்குப் பிரஷர் தடாலென்று இறங்கலாம். எழுந்து உட்கார்ந்தால் மயக்கம். மடியில் தூக்கி வைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதன் சூட்சுமம் அதுதான். அளவு எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தரம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஊருக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று மச்சான் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன்.

ராத்திரி இரண்டு மணி சுமாருக்கு அக்கா, பையன் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, கால் சுடுதுடா" என்று அழுதாள். காய்ச்சலோ என்று பதறி நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் சிரித்தார். "ரத்தம் ஓட ஆரம்பிச்சிருக்கு சார். நல்லதுதான்."

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பார்க்க வந்த கூட்டத்திடம் அப்பத்தா சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் மந்திரிச்சதுல விஷம் அப்பவே எறங்கிருச்சு. இவுகதான் கேக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி, வாத்தியார் சாப்புடுற மாத்திரையைக் குடுத்துக் கூட்டியாந்திருக்காக!"

பையன் என் காதருகில் வந்து, "மாமா, அன்னைக்கு எனக்கு வலிச்சுது. சுண்ணாம்பு எரிஞ்சுது. இன்னொரு தடவ தடவிருமோன்னுதான் வலிக்கலைன்னேன்" என்றான்.