தாய்வழிக் குடியும் வீட்டு உறுதியும்

பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் கானாவின் கரையோர நகரமான கேப் கோஸ்ட் பற்றி வாசித்தபோது எனக்கு மட்டக்களப்புதான் நினைவுக்கு வந்தது. அங்குள்ள ஃபாந்தி மக்களிடையே பிள்ளை தாயின் குலத்தையே சேரும். அக்குலத்தை 'அபுசுவா' என்பார்கள். 'அசாஃபோ' எனும் பழைய படைக்குழு தகப்பன் வழியாக வரும். கேப் கோஸ்டில் அவை ஏழு.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் நாம் சொல்லும் 'குடி'யும் தாய்வழிதான். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி எனப் பல. ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது. கொக்கட்டிச்சோலைக் கோயில் உரிமைகளும் குடிவழிப்படியே. அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் இதே முறை உண்டு. பள்ளிவாசல் மரைக்கார்கள் குடிக்கொருவராக இருந்தார்கள். இரு சமூகத்தையும் பகையாளிகள் என்போர் இதை ஏனோ சொல்வதில்லை.

முக்குவர் சட்டத்தை 1876இல் பிரிட்டோ நூலாக்கினார். அதன்படி ஒருவரின் பரம்பரைச் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். பின்னர் அச்சட்டம் வழக்கொழிந்தது. ஆனாலும் வழமை விடவில்லை: வீடும் வளவும் சீதனமாக மகளுக்கு எழுதப்படும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார்.

2004 சுனாமிக்குப் பிறகுதான் சிக்கல். 'குடும்பத் தலைவர்' என்ற கணக்கில் புதிய வீடுகள் பல ஆண்களின் பெயரில் எழுதப்பட்டன. தாய் தந்த வளவைக் கடல் கொண்டுபோக, மகள் கணவனுடைய வீட்டில் இருப்பவளானாள். அவன் விட்டுப்போனால் அவள் கையில் உறுதி இல்லை. அடுத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவும் அவளிடம் வீடில்லை. கானாவில் 1985இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் மறுபுறமாக, தாய்வழி உறவினருக்குப் போன சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்தது.

தனியார் காணியென்றால் மகளின் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதலாம். அதை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும்.