பாஸ்போர்ட்டைப் பறித்து வைப்பது நாணயமா?
வளைகுடா வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் கவனத்துக்கு!

சிவகாசி,
வீட்டு வேலைக்கு வெளிநாடு கிளம்பும் பெண்ணுக்கு ஊரே கூடி ஒரு புத்தி சொல்லும். "போற இடத்துல கை சுத்தமா இரு. எதுத்துப் பேசாதே!"

சரி, இருந்துவிடுவாள். அந்த வீட்டு எஜமானருக்குப் புத்தி சொல்வது யார்?

பட்டாசு, தீப்பெட்டி வேலைக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டால் அது கழியும்வரை வேறு ஆலைப் பக்கம் தலைவைக்க முடியாது. இது விருதுநகர் மாவட்டத்துக்குப் பழகிப்போன சங்கதி. வாங்கிய காசை உழைத்துக் கழிப்பதை மானப்பிரச்சினையாக நினைப்பவர்கள் இந்தப் பெண்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சரவெடிக்குத் தடை போட்டது. வேலை குறைந்த வீட்டு வாசலில் "விசா ரெடி" என்று ஒருவர் வந்து நின்றால் சபலம் தட்டத்தான் செய்யும்.

கை போனது!

2015-ல் வேலூர் மாவட்டத்துப் பெண் ஒருவர் சவூதி தலைநகர் ரியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். சரியான சாப்பாடு இல்லை, கொடுமை தாங்கவில்லை என்று புகார். சில மாதங்களில் அவரது வலது கை போய்விட்டது. எஜமானர் வீட்டில்தான் வெட்டினார்கள் என்றது குடும்பம். தப்பிக்கும்போது விழுந்துவிட்டார் என்றது சவூதி போலீஸ். எது நிஜமானாலும், மாடியிலிருந்து இறங்கித் தப்பி ஓடும் நிலைக்கு ஒருத்தி ஏன் வரவேண்டும்? அந்தக் கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை!

சட்டம் இருக்கிறது

குவைத் நாடு 2015-ல் வீட்டு வேலைக்காரர்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வாரம் ஒரு நாள் லீவு. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக்கூடாது. பிடுங்கி வைப்பவர் மட்டும் கை சுத்தமானவரா?

நம் நாட்டிலும் கட்டுப்பாடு உண்டு. பத்தாவது தேறாத பெண் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். அரசு நிறுவனங்கள் மூலமே அனுப்பவேண்டும் என்று 2016-ல் மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் அதற்கென 1978-லேயே தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

"அதெல்லாம் எதுக்கும்மா? டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க மாத்திக்கலாம்" என்பார் ஏஜெண்டு. மாற்றாவிட்டால்? அங்கே நீங்கள் வேலைக்காரியே அல்ல, ஊர் சுற்ற வந்தவர். சம்பள பாக்கி கேட்டுப் போனால் காட்டுவதற்கு ஒரு துண்டு காகிதம்கூட கையில் இருக்காது!