துவக்கும் கம்பிச் சுருக்கும்

பதுளை புனித மாற்கு தேவாலயத்தில் மேஜர் ரொஜர்ஸின் நினைவுக்கல் இருக்கிறது. 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படும் இந்த உதவி அரசாங்க அதிபர், 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானையைக் கொன்றால் அரசே சன்மானம் கொடுத்த காலம் அது.

1937இல் வனவிலங்குகளைக் காக்கும் கட்டளைச் சட்டம் வந்தது. இன்று துவக்கு வைத்திருக்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பத்திரம் வேட்டைக்கான அனுமதி அல்ல. கட்டுத்துவக்கு சட்டவிரோதம்.

ஹல்துமுல்லைத் தோட்டத்து அன்பர்களே, மரக்கறிப் பாத்தி ஓரத்தில் பன்றிக்கென்று கட்டும் கம்பிச் சுருக்கு, வருவது பன்றியா சிறுத்தையா என்று பார்த்து இறுகுவதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. தயவுசெய்து சுருக்குக் கட்டாதீர்கள். விலங்கு சிக்கியிருந்தால் கிட்டப் போகாமல், உடனே வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள்.