பக்கத்து நிரையில் நிற்பவரும் நம் அயலவரே



வட்டவளை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது மழை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை கொட்டும் இப்பகுதி, இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றாகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், விடியற்காலையிலேயே லயத்துக் காம்பராவில் அடுப்பை மூட்டி, மூத்த பிள்ளையைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் ஒப்படைத்துவிட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறாள் ஒரு தாய். அன்றைய தினம் அக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். அவள் யாருக்குக் கடமைப்பட்டவள்? குழந்தைக்கா, வேலைக்கா? இக்கேள்வியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இதற்குள் மறைந்திருக்கும் மூன்றாமவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அவளுக்குப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறிக்கும் மற்றைய பெண்ணே அந்த மூன்றாமவர். இந்த வாரம் அவரைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

தேயிலை மலையில் வேலை நடக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொருவருக்கும் நிரை பிரித்துக் கொடுக்கப்படுகிறது. பறித்த கொழுந்து காலை, நண்பகல், மாலை என நிறுக்கப்படுகிறது. தோட்டம் குறித்த அளவு, அது 18 கிலோவோ 20 கிலோவோ, நிறைந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப்பேர் விழும் அபாயம். குழந்தைக்குப் பாலூட்டச் சென்ற தாய் திரும்பி வரும்போது அவளது நிரை பின்தங்கியிருக்கும். அவளுக்கு நிறை குறையக் கூடாதே என்று பக்கத்து நிரைக்காரி தன் கூடையிலிருந்து சில கைப்பிடிக் கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போடுகிறாள். அவள் வராத நாளில், மழையில் விரைந்து வளரும் கொழுந்து முற்றிப்போகாதிருக்க, இருக்கின்ற கைகளே அவளது பங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாகிறது.

ஒரு நாள் என்றால் இது அன்பு. வாரத்தில் மூன்று நாள் என்றால்? அப்போது அன்புக்குள் மெல்ல முணுமுணுப்பு நுழைகிறது. “அவளுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?” என்று ஒருத்தி கேட்கிறாள். “பிள்ளை பெற்றவளுக்குத்தான் அந்த அருமை தெரியும்” என்று மற்றவள் பதில் சொல்கிறாள். அதைவிடக் கடுமையான சொல்லும் சில வேளைகளில் வாய் தவறி வந்துவிடுகிறது: “உனக்கென்ன, பிள்ளையா குட்டியா?” குழந்தைப் பேற்றுக்காக ஆண்டுக்கணக்கில் மன்றாடிக் கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் நெஞ்சில் இச்சொல் எவ்வாறு இறங்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதே இதிலுள்ள வேதனை. தாயின் தேவை போலியானது அன்று. பக்கத்து நிரைக்காரியின் களைப்பும் போலியானது அன்று. அவளுக்கும் வீடு உண்டு. படுக்கையில் கிடக்கும் முதிய தாய் இருக்கலாம். ஓயாத முதுகுவலி இருக்கலாம். அடைக்க வேண்டிய கடன் இருக்கலாம். அப்படியாயின் நீதி எங்கே இருக்கிறது?

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமையை நாம் அனைவரும் அறிவோம். விடியலில் வந்தவர்களுக்கும் மாலையில் வந்தவர்களுக்கும் நிலக்கிழார் ஒரே கூலியைக் கொடுக்கிறார். பகல் முழுவதும் வெயிலைத் தாங்கியவர்கள் முணுமுணுக்கின்றனர். இவ்வுவமையைக் காட்டி, “பிறருக்குக் கிடைக்கும் சலுகையைக் கண்டு பொறாமைப்படாதீர்கள்” என்று உடன் உழைப்பவர்களின் வாயை அடைத்துவிடுவது எளிது. ஆனால் சற்று நின்று கவனியுங்கள். கடைசியில் வந்தவருக்குக் கொடுத்த மிகுதியை அந்த நிலக்கிழார் எங்கிருந்து எடுத்தார்? தம் சொந்தப் பணத்திலிருந்து எடுத்தார். முதலில் வந்தவருக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. அவர் முதலில் வந்தவரின் கூலியில் பாதியை எடுத்துக் கடைசியில் வந்தவருக்குக் கொடுத்திருந்தால், அந்த முணுமுணுப்பு நியாயமான முறையீடாகவே இருந்திருக்கும்.

பழைய ஏற்பாட்டில் ரூத்து நூலும் இதையே காட்டுகிறது. கைம்பெண்ணாகிய ரூத்து, தன் மாமியாரைக் காப்பாற்றும் பொறுப்போடு போவாசின் வயலில் கதிர் பொறுக்க வருகிறாள். அவளுக்காகக் கதிர்க்கட்டுகளிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவிடுமாறு போவாசு அறுவடையாளர்களிடம் சொல்கிறார். விடப்பட்ட கதிர்கள் போவாசுடையவை. வேலையாட்களின் கூலியிலிருந்து பிடிக்கப்பட்டவை அல்ல. இரக்கம் காட்டியவரே அதன் செலவையும் ஏற்றுக்கொண்டார். ஆகவே, குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளிக்கு ஓர் இடத்தில் இரக்கம் காட்டப்படும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த இரக்கம் யாருடைய கூடையிலிருந்து எடுக்கப்படுகிறது?

நம் நாட்டுச் சட்டமும் இதே திசையில்தான் நடந்து வந்துள்ளது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களோடு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்க்கு வேலை நேரத்துக்குள் இருமுறை பாலூட்டும் இடைவேளை வழங்குகிறது. பிள்ளைப் பராமரிப்பு நிலையம் உள்ள இடத்தில் ஒவ்வோர் இடைவேளையும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. மூன்றாவது குழந்தை முதல் 42 நாட்களாகக் குறைக்கப்பட்டிருந்த மகப்பேற்று விடுமுறை, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் எல்லாக் குழந்தைகளுக்கும் 84 நாட்களாக்கப்பட்டது. இந்த இடைவேளை வேலை வழங்குவோரின் பொறுப்பு. அது தோழிகள் போடும் பிச்சை அன்று. தாய் பாலூட்டச் சென்ற நேரத்துக்குரிய கிலோவைக் கணக்கில் குறைக்காமல் விட்டுவிட்டு, “உன் நிரையை நீயே சமாளித்துக்கொள்” என்று சொல்லும் இடத்தில், சட்டம் கொடுத்ததைத் தராசு பறித்துக்கொள்கிறது. அச்சுமை சத்தமின்றிப் பக்கத்து நிரைக்கு நகர்கிறது. பிறகு இரண்டு ஏழைப் பெண்கள் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்கின்றனர்.

வருகையை வைத்துக் கொடுக்கப்படும் பணமும் இவ்வாறே சிந்திக்கத் தக்கது. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபா என்று பேசப்பட்ட நாட்சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா மட்டுமே. 60 ரூபா வருகைக்கு உரியது. வழங்கப்பட்ட வேலை நாட்களில் 75 வீதம் வந்தவர்களுக்கே அது கிடைக்கும். 2019ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அம்முறை நீங்கியது. எனினும் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நாளொன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்குவிப்பு மீண்டும் முன்மொழியப்பட்டது. ஒழுங்காக வேலைக்கு வருபவரைப் பாராட்டுவது நியாயமே. ஆயினும் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில் ஒரு தாய் தன் கூலியை மட்டுமன்றி, வருகைப் பணத்தையும் எண்ணிப் பார்த்தே வீட்டில் தங்க முடிகிறது என்பதையும் நாம் மறக்கலாகாது.

இங்கே திருச்சபையின் சமூகப் போதனை நமக்குத் துணையாக நிற்கிறது. திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட ‘ரேரும் நொவாரும்’ என்னும் சுற்றுமடல் இரு பக்கத்தாருக்கும் கடமையைச் சொல்கிறது. ஒப்புக்கொண்ட வேலையை முழுமையாகவும் நேர்மையாகவும் செய்யுமாறு தொழிலாளியைக் கேட்கும் அதே மடல், தொழிலாளி தன் இல்லத்தையும் குடும்பத்தையும் புறக்கணிக்கும் நிலைக்கு ஆளாகாதவாறு பார்த்துக்கொள்வது வேலை வழங்குவோரின் கடமை என்கிறது. 2025ஆம் ஆண்டு பொறுப்பேற்ற திருத்தந்தை 14ஆம் லியோ, தாம் இப்பெயரைத் தெரிந்துகொண்டதற்கு இம்மடலை எழுதியவரை ஒரு காரணமாகக் குறிப்பிட்டார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டு எழுதிய ‘லபோரெம் எக்ஸெர்சென்ஸ்’ மடலும், பிள்ளைகளைப் பேணுவதற்காக ஒரு தாய் மற்றப் பெண்களைவிடத் தாழ்த்தப்படவோ தண்டிக்கப்படவோ கூடாது என்று வலியுறுத்துகிறது.

சட்டமும் போதனையும் எட்டாத நாட்களும் உண்டு. நள்ளிரவில் கண்ட காய்ச்சல், பாடசாலையில் திடீரென அழைத்த கூட்டம், மண்சரிவால் நின்றுபோன பேருந்து ஆகியவற்றுக்கு எந்தச் சட்டமும் முன்கூட்டியே வழி எழுதி வைக்க முடியாது. அந்நாட்களில் உடன் உழைப்பவரின் தோளே நமக்குத் துணை. புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில், ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்குமாறு கூறுகிறார். சில வரிகளுக்குள்ளேயே, அவரவர் தம் சுமையைத் தாமே சுமக்க வேண்டும் என்றும் கூறுகிறார். இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. முதலாவது, உதவி செய்பவர் நெஞ்சில் கொள்ள வேண்டியது. இரண்டாவது, உதவி பெறுபவர் நெஞ்சில் கொள்ள வேண்டியது. நாம் பெரும்பாலும் இவற்றை இடம் மாற்றிக்கொள்கிறோம் என்பதே குறை.

ஆகவே, அன்புள்ள தாய்மாரே, தந்தைமாரே, உதவி தேவைப்படும் நாளில் அதை வாய்திறந்து கேளுங்கள். சொல்லாமல் நழுவிச் சென்று, தோழியின் தலையில் வேலை தானாக விழட்டும் என்று விடாதீர்கள். கேட்டுப் பெற்றது கடன்; கேளாமல் எடுத்தது வேறு. பெற்ற உதவியை நினைவில் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் பிள்ளை நலமாக இருக்கும் நாளில், தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் தோழிக்காக நீங்கள் அவள் நிரையைப் பாருங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பிள்ளைக்குச் சம்பந்தமில்லாத ஓய்வைத் தேடாதீர்கள். அவ்வாறு ஒருவர் செய்தால், உண்மையான தேவையோடு வரும் அடுத்த தாயின் சொல் நம்பப்படாது போகும்.

தந்தையரிடம் தனியாக ஒரு சொல். தோட்டங்களில் ஆண்கள் பலர் தமக்குக் குறித்த வேலையை முடித்துப் பிற்பகலிலேயே வீடு திரும்புகின்றனர். பெண்களோ மாலை நிறுவை முடியும்வரை மலையில் நிற்கின்றனர். அப்படியிருக்க, பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தையை அழைத்து வருவதும், கிளினிக்குக்குக் கொண்டு செல்வதும், பெற்றோர் கூட்டத்துக்குப் போவதும் ஏன் தாயின் வேலையாகவே இருக்க வேண்டும்? தந்தை தாங்க வேண்டிய பங்கைத் தாங்காதபோது அதைத் தாய் தாங்குகிறாள்; அவளால் முடியாதபோது, முன்பின் சம்பந்தமில்லாத பக்கத்து நிரைக்காரி தாங்குகிறாள். தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவை மே முதலாம் நாளுக்கு உரியதாக 1955ஆம் ஆண்டு திருத்தந்தை 12ஆம் பயஸ் ஏற்படுத்தினார். உழைப்பாளியாகவும், குழந்தையை இரவோடிரவாக எகிப்துக்குத் தூக்கிச் சென்று காத்த தந்தையாகவும் விளங்கிய யோசேப்பை அந்நாளில் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இது மலையில் மட்டும் நடப்பதன்று. பாடசாலையில் வராத ஆசிரியையின் பாடவேளையை மற்றொருவர் எடுக்கிறார். மருத்துவமனையில், “எனக்குச் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்று சொல்பவர்களுக்காக, மணமாகாத தாதியே ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு இரவுப் பணியை ஏற்கிறார். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் மலையகப் பிள்ளைகளுள், குடும்பம் இல்லை என்ற காரணத்தாலேயே கடைசியில் ஊர் திரும்புபவர்கள் இருக்கின்றனர். அவர்களுக்கும் காத்திருக்கும் ஒரு தாய் உண்டு. பொறுப்பில் இருக்கும் கங்காணியோ, அதிபரோ, முகாமையாளரோ, விழா நாள் விடுமுறையை முறைவைத்துப் பகிர்ந்தால் பாதி மனக்கசப்பு அன்றே தீர்ந்துவிடும். யார் அதிகமாகக் கேட்கிறாரோ அவருக்கே கொடுப்பது நீதியாகாது. கேட்கத் தயங்கி மௌனமாக நிற்பவரையும் அழைத்து, “உனக்கு எந்த நாள் வேண்டும்?” என்று வினவுவதே நீதி.

நம் பிள்ளைகளுக்காகத்தானே இத்தனை ஓட்டமும் என்கிறோம். அப்பிள்ளைகள் நம்மைக் கவனித்துக்கொண்டே வளர்கிறார்கள். தங்களுக்காக அம்மா வேலையிடத்தில் பிறரை வருத்தினாள் என்பதையும் அவர்கள் அறிவர். தங்களுக்கு உதவிய பக்கத்து வீட்டுச் சித்தியின் பெயரை அம்மா நன்றியோடு சொன்னாள் என்பதையும் அவர்கள் அறிவர். இந்த வாரம் குடும்பச் செபத்தின்போது, உங்கள் பிள்ளையின் பொருட்டு உங்கள் வேலையைச் சுமந்த ஒருவரின் பெயரைப் பிள்ளைகள் கேட்கும்படி சொல்லி அவருக்காக மன்றாடுங்கள். மறுநாள் அவரைச் சந்திக்கும்போது, “இந்த வாரம் உனக்கு நான் என்ன செய்யட்டும்?” என்று கேளுங்கள். அந்த மன்றாட்டை இக்கேள்வியே நிறைவாக்கும்.