கல்வியியற் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்

பட்டப்படிப்பை முடித்து ஆசிரியத் தொழிலை நாடும் இளைஞர் முதலிற் கேட்பது, "எந்தக் கல்லூரியில் எளிதாக இடம் கிடைக்கும்?" என்பதே. அடுத்துக் கேட்பது கட்டணம் எவ்வளவு என்பது. இவை கேட்க வேண்டியவையே. ஆனால் இவற்றோடு நின்றுவிடலாகாது. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது; காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தே ஆகவேண்டும்.

கல்லூரிக்கு ஏற்பு உண்டா என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே ஏற்பு வழங்குகிறது. பி.எட். படிப்புக்கு ஏற்புப் பெற்ற கல்லூரி எம்.எட். படிப்புக்கும் பெற்றிருக்கும் எனக் கருதிவிடாதீர்கள். உங்கள் பட்டப் பாடத்தைக் கற்பிக்கும் முறை அங்கே போதிக்கப்படுகிறதா என்பதையும் கேளுங்கள்.

இனி, தலையாய செய்திக்கு வருவோம். 2014ஆம் ஆண்டு விதிகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கியபோது, இருபது வாரங்களைப் பள்ளிப் பயிற்சிக்கு ஒதுக்கின. அந்த இருபது வாரங்கள் எங்கே, எவ்வாறு கழிகின்றன என்பதே கல்லூரியின் தரத்தைக் காட்டும் உரைகல். 1856இல் பயிற்சிப் பள்ளியாகத் தோன்றிய சைதாப்பேட்டை நிறுவனத்தை ஒட்டியே மாதிரிப் பள்ளியொன்று இருப்பது காரணமின்றி அன்று. தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பயிற்சிக்கு வந்த மாணவர் பலரைக் கண்டிருக்கிறேன். ஒரு கல்லூரியின் விரிவுரையாளர் வகுப்பின் கடைசிப் பலகையில் அமர்ந்து, மாணவர் கரும்பலகையில் எழுதிய பின்னக் கணக்கைக் குழந்தைகள் எவ்விடத்தில் புரிந்துகொள்ளாமல் விழித்தனர் என்பதைக் குறித்துக்கொள்வார். மாலையில் அதை மாணவரோடு விவாதிப்பார். வேறொரு கல்லூரியிலிருந்து வந்தவரோ பாடக்குறிப்பேடுகளில் மொத்தமாகக் கையொப்பமிட்டு, தேநீர் அருந்திச் சென்றார். இருவரிடமும் பயின்றோர்க்குக் கிடைத்த பட்டம் ஒன்றே; ஆனால் பிற்பாடு அவர்களிடம் அகப்படும் நாற்பது குழந்தைகளுக்கு அது ஒன்றல்ல.

ஆகவே, விண்ணப்பிக்குமுன் சாதாரணமான ஒரு வேலைநாளில், முன்னறிவிப்பின்றிச் சென்று பாருங்கள். வகுப்பறையில் ஆள் இருக்கிறதா? நூலகத்து நூல்களில் இரவல் தேதி முத்திரை இருக்கிறதா? பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகின்றனர் என்று இரண்டாம் ஆண்டு மாணவரைக் கேளுங்கள். முதல்வரைக் கேட்பதினும் அது பயன் தரும். "வருகையைப் பற்றிக் கவலை வேண்டா, தேர்வுக்கு வந்தாற் போதும்" என்று அலுவலகத்தில் யாரேனும் மெல்லச் சொன்னால், விண்ணப்பத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நிலத்தை அடகு வைத்துத் தந்தை கட்டும் பணத்துக்கு அங்கே கிடைப்பது வெறும் தாளே.

எம்.எட். பயில விரும்புவோர், ஆய்வேட்டுக்கு வழிகாட்டுவோர் யார், அவர் பள்ளியில் கற்பித்தவரா என்பதையும் சேர்த்து விசாரித்துக்கொள்க.